உருள மறுக்கும் மணல்

மண் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு மணல் பை வந்தால் முதலில் சலிப்போம். அடுப்பில் காயவைத்து, 4.75 மில்லிமீட்டர் தொடங்கி 75 மைக்ரான் வரை சல்லடைகளை அடுக்கி, ஆட்டி, ஒவ்வொன்றிலும் தங்கியதை எடை போட்டு ஒரு வளைகோடு வரைவோம். பொறியாளர் அந்தக் கோட்டைப் பார்த்துத் தலையசைப்பார். இந்த மணலைப் பற்றித் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். என் தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்தத் தலையசைப்போடு வாதாடியே போயிருக்கிறது. சல்லடை துகளின் அளவைச் சொல்லும். ஒரு துகளும் அடுத்த துகளும் எப்படித் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதைச் சொல்லாது. மேலே வரும் கட்டடத்தின் பாரம் முழுக்க அந்தத் தொடுபுள்ளிகள் வழியாகத்தான் கீழே இறங்குகிறது.

நான் வேலை பழகியது திருச்சியில், ஒரு சிறிய கூடத்தில். அங்கே மூத்த டெக்னீஷியனாக இருந்தவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மணல் பை பிரித்ததும் அவர் ஒரு சிட்டிகை எடுத்துக் காதோரம் கொண்டுபோய் விரல்களுக்கு நடுவே தேய்ப்பார். "கரகரன்னு கேக்குதா? முனை இன்னும் மழுங்கல. இதக் கேளு, சத்தமே இல்ல. ரொம்ப தூரம் உருண்டு வந்த மணலுப்பா இது" என்பார். அதன் பிறகுதான் சல்லடை. அவருடைய காது சொன்னதை அறிக்கையில் எழுத எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. இத்தனைக்கும் மண் வகைப்படுத்தலுக்கான இந்தியத் தரவிதி, பெருமணித் துகள் உள்ள மண்ணை விவரிக்கும்போது துகளின் கோணத்தன்மை, மேற்பரப்பு, கடினம் எல்லாவற்றையும் குறிக்கச் சொல்கிறது. பெரும்பாலான அறிக்கைகளில் அந்த வரி வருவதே இல்லை.

கறுப்புத் தாளில் சிட்டிகை மணலைப் பரப்பி ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால் போதும், வித்தியாசம் உடனே தெரியும். காவிரி மணலில் பாதி ஒளி ஊடுருவும் குவார்ட்ஸ் துகள்கள்தான் அதிகம். மூலைகள் இருக்கும், ஆனால் உளியால் வெட்டியது போன்ற கூர்மை இருக்காது. நடுநடுவே கறுத்த மைக்காத் தகடுகள் மினுங்கும். கிரஷரிலிருந்து வந்த எம்-சாண்டில் ஒவ்வொரு முகமும் புதிதாக உடைந்த முகம். விளிம்பு கத்தி மாதிரி நிற்கும், அதில் கல் மாவு ஒட்டியிருக்கும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணல் காற்று சுமந்து கொண்டுவந்து குவித்தது. இரும்பு ஆக்சைடு பூசிச் சிவந்த பொடி மணல். மூன்றையும் ஒரே வளைகோட்டுக்கு வரும்படி சலித்துக் கலந்து கொடுத்துவிடலாம். சல்லடைக்கு மூன்றும் ஒன்றுதான்.

வடிவம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதற்குள் மூன்று சங்கதி இருக்கிறது. துகள் மொத்தத்தில் உருண்டையா, நீளமா, தகடா என்பது ஒன்று. அதன் மூலைகள் கூரா, மழுங்கலா என்பது இன்னொன்று. இவை இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்று 1930களில் வரையறுத்துக் கொடுத்தவர் ஹாக்கன் வாடெல் என்ற நிலவியலாளர். ஒரு கனசதுரம் மொத்த உருவில் உருண்டைக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது, மூலைகளோ கூர். ஆற்றுக் கூழாங்கல் தட்டையாக இருக்கலாம், ஆனால் மூலையே இருக்காது. மூன்றாவது, லென்ஸுக்கும் எட்டாத மேற்பரப்புச் சொரசொரப்பு. கிரம்பைன், ஸ்லாஸ் இருவரும் 1963இல் தங்கள் புத்தகத்தில் கொடுத்த படஅட்டவணை இன்றும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. துகளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, மூலை மழுக்கத்துக்கு 0.1 முதல் 0.9 வரை ஓர் எண் போடலாம். முப்பது துகள் பார்த்தால் ஒரு மணலின் குணம் பிடிபட்டுவிடும்.

அந்த எண் எவ்வளவு பேசும் என்பதை நேரில் காட்டுவது ஷியர் பாக்ஸ். 60 மில்லிமீட்டர் சதுரப் பித்தளைப் பெட்டி, நடுவே கிடைமட்டமாக இரண்டாகப் பிரிந்தது. புனல் வழியாக மணலை ஊற்றி, மேலே தட்டு வைத்து, நெம்புகோலில் எடை தொங்கவிடுவோம். சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ, பிறகு ஒன்று, பிறகு ஒன்றரை. மோட்டார் கீழ்ப்பாதியை மெதுவாகத் தள்ளும். மேல்பாதி எவ்வளவு எதிர்க்கிறது என்று புரூவிங் ரிங்கின் முள் காட்டும். மேல்தட்டின் மீது இன்னொரு டயல் கேஜ், மணல் உட்காருகிறதா எழும்புகிறதா என்று பார்க்க. புதிதாகச் சேர்பவர்கள் எல்லாம் புரூவிங் ரிங்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அவர்களை இந்த இரண்டாவது டயலைப் பார்க்கச் சொல்வேன்.

முதலில் கண்ணாடி மணிகள். கண்ணாடியில் பெரும்பங்கு சிலிக்கா, குவார்ட்ஸ் முழுக்கவே சிலிக்கா. ஆக, பொருள் ஏறக்குறைய ஒரே குடும்பம், மாறுவது வடிவம்தான். மணிகள் உள்ள பெட்டியைத் தள்ளத் தொடங்கினால் முள் ஏறும், திடுக்கென்று விழும், மறுபடி ஏறும், மறுபடி விழும். மணிகள் ஒன்றையொன்று பிடித்து நின்று, ஒரே நேரத்தில் வழுக்கி உருண்டு, அடுத்த பள்ளத்தில் போய் உட்காருகின்றன. மேலே வைத்த பாரத்துக்கு எதிர்ப்பு எவ்வளவு என்ற விகிதத்தைக் கோணமாகச் சொல்வது உராய்வுக் கோணம். தளர்வாக நிரப்பினால் அது 25 டிகிரியை ஒட்டியே நிற்கும். அடுத்து காவிரி மணல். முள் திடுக்கிடாது, சீராக ஏறும், கோணம் 33, 34 டிகிரி அளவில் தங்கும். பிறகு அதே சல்லடை அளவில் நொறுக்கிய கல். மேல்தட்டின் டயல் முதலில் கொஞ்சம் இறங்கி, பிறகு எழும்பத் தொடங்கும். முழு எதிர்ப்பு வர நிறைய தூரம் தள்ள வேண்டியிருக்கும். வந்த பிறகு, தளர்வாகப் போட்ட நிலையிலும் 38 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். சோ, டாட்ஸ், சாண்டமரீனா மூவரும் 2006இல் பல மணல்களின் தரவைத் திரட்டி இதை ஒரு வரியில் கொண்டுவந்தார்கள்: 42இலிருந்து, மூலை மழுக்க எண்ணைப் போல் 17 மடங்கைக் கழி. முழு உருண்டைக்கு 25, கூர் மூலைக்கு 38க்கு மேல். எங்கள் மேசையில் வருகிற எண்களுக்கு அந்த வரி நன்றாகவே பொருந்துகிறது.

சில டிகிரிதானே என்று கேட்பவர்கள் உண்டு. அஸ்திவாரத்தின் தாங்குதிறன் கணக்கில் சுற்றுமண் பாரத்துக்கு வரும் பெருக்கு எண் 30 டிகிரிக்கு 18.4. அதுவே 35 டிகிரிக்கு 33.3. ஐந்து டிகிரியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதற்கு மேல் நான் வாதாடுவதில்லை.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? கூர்மையான துகள் சொரசொரப்பாக இருக்கும், அதனால் உராய்வு அதிகம் என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1969இல் ஸ்கின்னர் கண்ணாடி மணிகளை வைத்து இதைச் சோதித்தார். இரண்டு மணிகளுக்கு நடுவே உள்ள உராய்வு, உலர்ந்த நிலைக்கும் நனைந்த நிலைக்கும் இடையே பல மடங்கு மாறியது. மணிகளின் கூட்டம் முழுவதையும் ஷியர் செய்தபோது அதன் வலிமை அந்த அளவுக்கு அசையவே இல்லை. துகள்களுக்கு இடையே உராய்வு கூடினால் அவை வழுக்குவதை விட்டுவிட்டு உருளத் தொடங்கிவிடுகின்றன. 1982இல் ஓடாவும் சகாக்களும் ஒளி ஊடுருவும் முட்டை வடிவக் கம்பிகளை அடுக்கி அழுத்தி, துகள்கள் வழுக்குவதைவிட உருண்டு இடம் மாறுவதே அதிகம் என்று காட்டினார்கள். ஆகவே மணலின் வலிமை, துகளை உருளவிடாமல் எது தடுக்கிறது என்பதைப் பொறுத்தது. அடுக்களையில் கடுகையும் நொய்யையும் தனித்தனியே கொட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

உருண்டை உருண்டையைத் தொடுவது ஒரே புள்ளியில். பாரம் அந்தப் புள்ளி வழியாக நேராக மையத்தை நோக்கிப் போகிறது. பக்கத்திலிருந்து தட்டினால் துகள் திரும்பிக்கொள்ளும், அதைத் தடுக்கப் பிடிமானம் கிடையாது. மட்டமான முகம் முகத்தைத் தொட்டால் கதை வேறு. துகள் திரும்ப வேண்டுமானால் ஒரு விளிம்பின் மேல் ஏறியாக வேண்டும், பக்கத்துத் துகளை மேலே நெம்பியாக வேண்டும். குழிவுள்ள துகளில் பக்கத்துத் துகள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் தொடும். இரண்டு இடத்தில் பிடித்த எதுவும் லேசில் சுழலாது. ஷியர் பாக்ஸில் மேல்தட்டின் டயல் எழும்பியதும் இதனால்தான். துகள்கள் ஒன்றையொன்று ஏறிக் கடந்தால்தான் நகர முடியும், ஏறினால் மணல் பருத்தாக வேண்டும். இதை 1885இலேயே ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் சொல்லிவிட்டார். மெரினாவில் அலை விட்டுப்போன ஈர மணலில் காலை ஊன்றினால், காலைச் சுற்றி மணல் வெளுத்துக் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தியதும் மணல் பருத்து இடைவெளி கூடுகிறது. மேலே நின்ற தண்ணீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது.

கணினியில் மணலைச் செய்து பார்ப்பவர்களும் இதே சுவரில்தான் முட்டினார்கள். 1979இல் கண்டாலும் ஸ்ட்ராக்கும் ஒவ்வொரு துகளையும் தனித்தனியே கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தபோது வட்டத் தட்டுகளை வைத்துத்தான் தொடங்கினார்கள். வட்டத்துக்குக் கணக்கு சுலபம். ஆனால் வட்டங்கள் உருண்டுகொண்டே இருக்கும், வலிமை உண்மை மணலைவிடக் குறைவாகவே வரும். பிறகு செயற்கையாக ஓர் உருள்தடையைச் சேர்த்தார்கள், அல்லது நாலைந்து உருண்டைகளை ஒன்றாக ஒட்டி ஒரு துகளாக்கினார்கள். அண்ணன் காதால் கேட்டதைத்தான் அவர்கள் சமன்பாட்டில் சேர்த்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

வலிமை ஒரு பக்கம், விறைப்பு இன்னொரு பக்கம். எந்திர அஸ்திவாரம் போடுகிறவர்களுக்கும் நிலநடுக்கக் கணக்கு பார்க்கிறவர்களுக்கும் உடைவதற்கு வெகுமுன்னே மணல் எவ்வளவு நெகிழ்கிறது என்பதுதான் முக்கியம். இதற்கு அடிப்படை போட்டவர் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ். 1882இல் இரண்டு கண்ணாடி வில்லைகளை அழுத்தினால் தொடும் இடம் எப்படி விரிகிறது என்று கணக்கிட்டார். அழுத்தும் விசை எட்டு மடங்கானால் தொடுவட்டத்தின் ஆரம் இரண்டு மடங்காகும். அந்தக் கணக்கை மணலுக்குப் போட்டால், ஆழத்தில் அழுத்தம் 16 மடங்கு கூடும்போது, விறைப்பைக் காட்டும் ஷியர் அலையின் வேகம் 1.6 மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூட வேண்டும். உண்மை மணலில் அளந்தால் இரண்டு மடங்கை ஒட்டிப் போகிறது. 1990இல் காடார்ட் ஒரு விளக்கம் கொடுத்தார். தொடும் இடம் வழவழப்பான வளைவாக இல்லாமல் கூம்பு முனையாக இருந்தால் அந்த இரண்டு மடங்கு தானாக வரும். அழுத்தம் கூடக்கூடப் புதிய தொடுபுள்ளிகள் சேர்ந்துகொள்வதாலும் வரலாம். 1963இலேயே ஹார்டினும் ரிச்சர்ட்டும் மணலின் விறைப்புக்கு ஒரு சூத்திரத்துக்குப் பதில் இரண்டு கொடுத்தார்கள். உருண்டைத் துகளுக்கு 2.17 என்ற எண்ணோடு ஒன்று, கூர்த்துகளுக்கு 2.97 என்ற எண்ணோடு இன்னொன்று. இன்றைக்கும் உருண்டை மணல் சூத்திரத்தில் எம்-சாண்டைப் போட்டுக் கணக்கு முடிக்கிற தாள்கள் என் மேசைக்கு வருகின்றன.

வடிவத்தை மறந்தால் பணம் எப்படிப் போகும் என்பதை ஒரு கிடங்குத் தரை வேலையில் பார்த்தேன். தரைக்கடியில் இரண்டு மீட்டர் மணல் நிரப்பி இறுக்க வேண்டும். ஒப்பந்தம் எழுதியபோது ஆற்று மணல், அதற்கு உலர் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.65 கிராம் வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வேலை தொடங்கியபோது ஆற்று மணல் கிடைக்கவில்லை. கழுவி ஒரே சீரான அளவில் சலித்த நொறுக்கு மணல் வந்தது. சல்லடை வளைகோடு பொருந்தியது, அனுமதியும் கிடைத்தது. ரோலர் ஓடியது, அடர்த்தி வரவில்லை. மறுபடி ஓட்டினார்கள், தண்ணீர் விட்டு ஓட்டினார்கள், இன்னும் பெரிய ரோலர் கொண்டுவந்தார்கள். மேற்பார்வையாளர் ஒப்பந்தக்காரர் ஏமாற்றுகிறார் என்றார். ஒப்பந்தக்காரர் எனக்குப் போன் செய்தார். "சார், நானும் ராப்பகலா ஓட்டறேன். மணல் மேல மாவாப் பொங்குது, நம்பர் மட்டும் வரமாட்டேங்குது."

இரண்டு மணலையும் அதிர்வு மேசையில் வைத்துப் பார்த்தோம். ஆற்று மணலின் மிகத் தளர்ந்த அடர்த்தி 1.47, மிக இறுகியது 1.77. நொறுக்கு மணலுக்கோ 1.26, 1.61. இரண்டுக்கும் கல்லின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான். கூர்த்துகள்கள் விழும் இடத்திலேயே ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நின்றுவிடுகின்றன, நடுவே பெரிய இடைவெளி தங்கிவிடுகிறது. உருண்டைகள் புரண்டு பள்ளத்தை நிரப்பிக்கொள்ளும். ஆக, கேட்ட 1.65 அந்த மணலுக்கு முடியவே முடியாத எண். மிகத் தளர்ந்த நிலைக்கும் மிக இறுகிய நிலைக்கும் நடுவே மணல் எங்கே நிற்கிறது என்று சொல்லும் ரிலேட்டிவ் டென்சிட்டி கணக்குப்படி, ஆற்று மணலில் 1.65 என்ன இறுக்கமோ அதே இறுக்கம் நொறுக்கு மணலில் 1.47இலேயே வந்துவிடுகிறது. அதாவது ஆற்று மணலின் ஆகத் தளர்ந்த அடர்த்தியில். தேவையான இறுக்கம் முன்பே வந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு ஓடிய ரோலர் எல்லாம் மேலடுக்கின் முனைகளை உடைத்து மாவாக்கியதுதான் மிச்சம். விதியை ரிலேட்டிவ் டென்சிட்டிக்கு மாற்றி எழுதி வேலையை முடித்தார்கள். யாரும் ஏமாற்றவில்லை என்பது அந்த மேற்பார்வையாளருக்குப் புரிந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அஸ்திவாரத்துக்கு நல்லது செய்கிற அதே குணம் கலவையில் தொந்தரவு. எம்-சாண்ட் பரவலான காலத்தில் கொத்தனார்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: கரண்டி ஓட மாட்டேங்குது. துகள்கள் ஒன்றையொன்று தாண்ட மறுத்தால் கலவை இளகாது. இளகவைக்கத் தண்ணீர் ஊற்றுவார்கள், தண்ணீர் கூடினால் கான்கிரீட்டின் பலம் இறங்கும். கோளாறு எம்-சாண்டில் இல்லை, அதை எப்படி உடைத்தார்கள் என்பதில் இருந்தது. ஜா கிரஷரில் நசுக்கிய கல்லின் மிச்சம் தகடும் ஊசியுமாக வரும். அந்தக் குவாரி டஸ்ட்டையே எம்-சாண்ட் என்று விற்றவர்கள் உண்டு. விஎஸ்ஐ எந்திரத்தில் சுழலி கல்லை வீசி எறிந்து கல்லின் மேலேயே மோதவைக்கும், நீட்டிய முனைகள் அங்கேயே முறிந்துபோகும். வருகிற துகள் கனசதுரத்தை ஒட்டியிருக்கும். அதைக் கையில் எடுத்துக் காட்டினால் கொத்தனாருக்கே தெரிந்துவிடும். "இது ஓடும் சார்" என்பார், கலக்கும் முன்பே. சிமெண்ட் சோதனைக்கான எண்ணூர் ஸ்டாண்டர்டு மணலின் தரவிதி மட்டும் இந்த விஷயத்தில் கறாராக இருக்கிறது. துகள் கோணமுள்ளதாக இருக்க வேண்டும், ஆனால் மொத்த உருவம் உருண்டையை ஒட்டியிருக்க வேண்டும், நீளமும் தட்டையும் மிகச் சொற்பமாகத்தான் இருக்கலாம் என்று அளவோடு வடிவத்தையும் சேர்த்தே சொல்கிறது. எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

மைக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த மினுக்குத் தகடுகள் எடையில் சில சதவீதமே இருந்தாலும் மணலின் நடத்தையை மாற்றிவிடும். 1928இலேயே கில்பாய் மணலோடு மைக்காவைக் கலந்து, இடைவெளியும் அமுங்கும் தன்மையும் எப்படி ஏறுகின்றன என்று காட்டினார். தகடு இரண்டு துகள்களுக்கு நடுவே பாலமாகக் கிடந்து இடைவெளியைத் திறந்துவைக்கும், பாரம் வந்ததும் வளைந்துகொடுக்கும். சலிக்கும்போது சல்லடைக்கண்ணில் தகடு படுத்துவிட்டால் அளவுக் கணக்கிலும் பொய் சொல்லும். ஆற்று மணலில் மினுக்கைப் பார்த்து நல்ல மணல் என்று மகிழ்பவர்களைக் கண்டால் நான் பையைத் திருப்பி வாங்கிப் பார்ப்பேன்.

கூர்மை இருந்தால் எப்போதும் பலம் என்றும் எழுதிவிட முடியாது. தொடும் இடம் சிறுத்தால் அங்கே அழுத்தம் பெருகும், துகள் அதைத் தாங்க வேண்டும். குவார்ட்ஸ் தாங்கும். கிளிஞ்சலும் பவளமும் நொறுங்கிச் சேர்ந்த சுண்ணாம்பு மணல் தாங்காது. மன்னார் வளைகுடாக் கரையில் அப்படிப்பட்ட மணலை லென்ஸில் பார்த்தால் கண்ணுக்கு விருந்து. வளைந்த ஓட்டுச் சில்லுகள், உள்ளே வெறும் குழாய்கள். ஷியர் பாக்ஸில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த எண்ணை நம்பி பைல் அடித்தால் என்ன ஆகும் என்பதை மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் கடலில் உலகம் பார்த்தது. 1980களின் தொடக்கத்தில் நார்த் ராங்கின் எரிவாயு மேடைக்கு அடித்த குழாய் பைல்கள் எதிர்பார்த்த எதிர்ப்பில் சிறு பங்குகூட இல்லாமல் தரைக்குள் இறங்கின. பைல் இறங்கும்போது பக்கத்திலிருந்த துகள்களின் முனைகள் நொறுங்கிச் சுருங்கிவிட்டன. மணல் பைலை விட்டு விலகியது, பக்கவாட்டுப் பிடியே போய்விட்டது. பிறகு அஸ்திவாரத்தைச் சீர்செய்ய ஆண்டுக்கணக்கில் பெரும் செலவு ஆனது. அன்றிலிருந்து கடற்கரை மணல் வந்தால் ஷியர் செய்த பிறகு அதையே மறுபடி சலிக்கச் சொல்கிறேன். சோதனைக்கு முன்னும் பின்னும் வரும் இரண்டு வளைகோடுகளும் விலகினால், அந்த 40 டிகிரியைப் பைல் கணக்கில் போடக்கூடாது என்று சிவப்பில் எழுதிக் கொடுப்போம்.

இப்போது எங்கள் கூடத்தில் பையன்கள் செல்போன் கேமராவில் சிறிய லென்ஸை மாட்டித் துகள்களைப் படம் எடுக்கிறார்கள். மூலைகளின் ஆரத்தை மென்பொருளே அளந்து வாடெல் சொன்ன எண்ணைத் தந்துவிடுகிறது. அறிக்கையில் சல்லடை வளைகோட்டுக்குப் பக்கத்திலேயே அந்தப் படமும் எண்ணும் வரும்படி படிவத்தை மாற்றியிருக்கிறோம். வேலை நடுவே மணல் எடுக்கும் இடம் மாறினால், வளைகோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்காமல் புதிய பை ஒன்றை அனுப்பச் சொல்கிறோம். கால் கிலோ போதும்.